தோட்டப்புறத்து உபதேசியார்

இலங்கையின் சப்பிரகமுவைத் தோட்டங்களில் தமிழ்க் கல்வி தோன்றிய வரலாற்றை விசாரித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லுகிறவர், அரசாங்கத்தின் சட்டங்களையும் கல்விப் பகுதியாரின் அறிக்கைகளையும் கடந்து, இறுதியில் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பாகிய லயத்தின் கோடியறையொன்றிலே பகற்பொழுதில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி கற்பித்து, மாலையில் அவர்களுடைய பெற்றோருக்கு வேதம் வாசித்துக் காட்டிய ஒரு தனி மனிதரிடமே வந்து சேருவார். பெரியவர்கள் அவரை உபதேசியார் என்றார்கள். பிள்ளைகள் வாத்தியார் என்றார்கள். கிறிஸ்தவப் பாடசாலையொன்றுக்கு விசுவாசமுள்ள ஆசிரியர் கூட்டத்தை எவ்வாறு சேர்ப்பது, சேர்த்தவர்களை எவ்வாறு காப்பது என்று இக்காலத்தில் ஆலோசிப்போர் இந்த மனிதரின் சரித்திரத்தை அறியாமல் ஆலோசிப்பது பெருங்குறை என்பது என் அபிப்பிராயம்.

இச்சரித்திரம் கண்டிச் சீமையில் தொடங்குகிறது. கோப்பிப் பயிர் பெருகிவந்த காலமாகிய 1854-ஆம் ஆண்டிலே, தோட்டத் துரைமார் சிலருடைய வேண்டுகோளையும் பொருளுதவியையும் ஆதாரமாகக் கொண்டு, சர்ச் மிஷனரி சங்கத்தார் தோட்டத் தொழிலாளருக்கென்றே 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் ஊழியத்தை ஆரம்பித்தனர். பணம் ஓரளவு கிடைத்தது. மலைப்பாதைகளில் நடந்து, லயங்களில் தங்கி, தமிழ் மக்களோடு தமிழிலே பேசத்தக்க ஆட்கள் கிடைப்பதுதான் அரிதாயிருந்தது. அவர்களைத் தந்தது திருநெல்வேலிச் சபை. அந்நாளில் வட திருநெல்வேலியிலே தாமஸ் ராக்லாந்து என்னும் பாதிரியார், கேம்பிரிட்ஜில் தமக்கிருந்த கல்லூரி வாழ்வையும் சென்னையில் வகித்த சங்கக் காரியதரிசிப் பதவியையும் துறந்து வந்து, கரிசற்காட்டில் கூடாரமடித்து ஊர் ஊராய்த் திரிந்துகொண்டிருந்தார். தென் திருநெல்வேலியின் மூத்த சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து வடக்கே அனுப்ப வேண்டும், அவர்களுடைய செலவையும் அச்சபைகளே ஏற்க வேண்டும் என்பது அவர் கைக்கொண்ட ஏற்பாடு. அனுப்புகிற சபைக்கும் போகிற ஊழியனுக்கும் இடையிலே பந்தம் அறுந்துபோகாதபடி காத்த அந்த ஏற்பாட்டின் வாசனையோடுதான் முதல் உபதேசிமார் கடல் கடந்து இலங்கைக்கு வந்தார்கள். ராக்லாந்து 1858-இல் சிவகாசியில் காலமானார்.

வந்தவர்கள் எத்தகைய பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், கிராமந்தோறும் பள்ளி, பள்ளிதோறும் உபதேசியார் என்று வகுத்து, அவர்களை ஆண்டில் ஒருமுறை பார்த்துப்போகும் சம்பளக்காரராக வைத்திராமல், அடிக்கடி மிஷன் தலத்திலே ஒன்றுகூட்டி, அவரவர் ஊரின் நிலைமையைச் சொல்லச் செய்து, வேதபாடம் கற்பித்து, ஜெபத்தோடு திருப்பியனுப்பும் வழக்கத்தை நிலைபெறச் செய்திருந்தார். பின்னர் எட்வர்டு சார்ஜெண்டு ஐயர் நடத்திய பிரிபராண்டிப் பாடசாலை, உபதேசியாரையும் உபாத்தியாயரையும் ஒரே கூரையின் கீழ் ஆயத்தஞ் செய்தது. அக்கூட்டங்களில் அமர்ந்த உபதேசியார், தாம் ஒரு குக்கிராமத்தில் தனித்து நின்றாலும் ஒரு பெரிய கூட்டத்தின் அங்கம் என்பதை மறவாதிருந்தார்; தவறு செய்தபோது கண்டிக்கவும் சோர்ந்தபோது தேற்றவும் அவருக்குச் சகோதரர் இருந்தனர். விசுவாசத்தை அடித்தளமாகக் கொண்ட ஆசிரியர் குழு என்று எதையேனும் நம் தேசங்களில் காட்ட வேண்டுமானால், நான் முதலில் காட்டுவது இந்தத் திருநெல்வேலிக் கூட்டங்களையே.

தோட்டத்திலோ நிலைமை முற்றிலும் வேறாயிருந்தது. மிஷனரியின் கண்காணிப்புக்குட்பட்ட பரப்பு பல மலைகளையும் ஆறுகளையும் உள்ளடக்கியது. ஓர் உபதேசியாருக்கும் அடுத்தவருக்கும் இடையிலே ஒரு நாள் நடை இருக்கக்கூடும். விடியுமுன்னே பிரட்டுக்களத்தில் பேர் எழுதப்பட்டு ஆண்களும் பெண்களும் மலைக்குப் போய்விட, கொழுந்தெடுக்கவும் புல்வெட்டவும் வயதுவந்த பிள்ளைகளும் அவர்களோடு போய்விட, எஞ்சிய சிறுவரையே அவர் கூட்ட வேண்டியிருந்தது. துரை அனுமதித்தாலன்றித் தோட்டத்துள் நுழைய முடியாது. பெரிய கங்காணி மனம்வைத்தாலன்றிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். லயத்து ஜனங்களோ திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்; திருநெல்வேலிச் சபையிலிருந்து வந்த உபதேசியார் தமிழர்தாம், ஆயினும் ஊராலும் உறவாலும் சமயத்தாலும் அயலார். அந்த அயன்மையைப் போக்கியது பெரும்பாலும் அவருடைய எழுத்தறிவுதான். ஊருக்குக் கடிதம் எழுதவும், வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும் லயத்தில் ஒருவர் வேண்டுமல்லவா? இராகத்தோடு வேதம் வாசிக்கிறவரிடம் தம் பிள்ளையையும் வாசிக்கக் கற்கும்படி அனுப்பிய தாய்மார், மதத்தை ஏற்றுக்கொண்டு அனுப்பியவர்களல்லர். மனிதரை நம்பி அனுப்பியவர்கள்.

ஒரே ஆசிரியர் பல வயதுப் பிள்ளைகளை ஆளும் முறைக்கு நம்மவரிடையே பழமையான உபாயம் ஒன்று இருந்தது. மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்து இளையோருக்குப் பாடஞ்சொல்லச் செய்யும் திண்ணைப் பள்ளியின் வழக்கத்தைச் சென்னையிலே கண்ட ஆண்ட்ரு பெல் என்பார், அதனை 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் பல அதனைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலிருந்து சீமைக்குப் போன அம்முறை மிஷன் பள்ளிகளின் வழியே தமிழ்ப் பிள்ளைகளிடம் மீண்டும் வந்தது என்பது நினைத்து மகிழத்தக்க செய்தி.

உபதேசியார் யாருடைய ஆள் என்னும் வினா வெகு சீக்கிரத்தில் எழுந்தது. 1876-இல், கொழும்பு அத்தியட்சராகப் புதிதாய் வந்திருந்த இளைஞர் ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன், தோட்டங்களிலே பணிசெய்யும் உபதேசிமார் அந்தந்தப் பகுதியின் குருமாருக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்று கருதினார். அவர்களைத் தெரிந்தெடுத்து நடத்தும் பொறுப்பு தங்களுடையதே என்று சங்கத்தார் நின்றனர். வாதம் முற்றி, சங்கத்துக் குருமாரின் அனுமதிப் பத்திரங்களை அத்தியட்சர் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. இங்கிலாந்தின் பிரதான அத்தியட்சர்கள் இருவரும் வேறு அத்தியட்சர்களும் தலையிட்டு 1880-இல் தந்த அபிப்பிராயத்தின்மேல் சமாதானம் ஏற்பட்டது. இரு திறத்தாரும் நல்லெண்ணத்தோடே போராடினார்கள் என்று ஒப்புக்கொள்ளுகிறேன். ஆயினும் நான்காண்டுகள் நீடித்த அவ்விவாதத்தின் மையத்திலே நின்ற தமிழ் உபதேசியார், தம் பணியைப் பற்றிய முடிவைத் தாம் சொல்லத்தக்க ஆசனம் எதுவும் பெற்றிருக்கவில்லை. ஊழியர் குழுவைக் கட்டுகிறவர்கள் ஊழியரின் வாயைத் திறக்க விடாதிருந்த இக்குறை, பிற்காலத்துப் பல குறைகளுக்கு வித்தாயிற்று.

1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை மேலேறியது. அதனைத் தொடர்ந்து கேகாலை, இரத்தினபுரிப் பள்ளத்தாக்குகளில் ரப்பர் பரவிற்று. சப்பிரகமுவை 1889-இல் தனி மாகாணமாயிற்று. களனிப் பள்ளத்தாக்கு ரெயில்பாதை 1903-இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912-இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர, தெரணியாகலையிலும் கஹவத்தையிலும் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தமிழ்க் குடிகள் பெருகின. கத்தோலிக்கருக்கு 1893-இல் காலி மறைமாவட்டம் ஏற்பட்டு, சப்பிரகமுவையும் அதனுள் அடங்கி, பெல்ஜிய நாட்டு யேசு சபையாரின் பொறுப்பில் விடப்பட்டது. அவர்களுள் யோசேப்பு வான் ரீத் ஆண்டகை முதல் ஆயரானார். இரத்தினபுரியில் பப்டிஸ்து மிஷனார் 1917-இல் பெர்குசன் பெண்கள் பாடசாலையை நிறுவினர். பட்டணத்துப் பாடசாலைகளுக்குத் துறவிகளும், மிஷனைச் சேர்ந்த பெண்மணிகளும், ஆயுள் முழுவதையும் அர்ப்பணித்தவர்களாய் வந்தனர். ஒருவர் ஓய்ந்தால் மற்றொருவர் அவ்விடத்தை நிரப்பினார். ஒரே மேசையில் உண்டு, ஒரே மணிக்கு ஜெபித்து வாழ்ந்தார்கள். அதே மாகாணத்தில், சில மைல் தூரத்திலிருந்த தோட்டத்துப் பள்ளிக்கு வாய்த்ததோ பழைய தனி மனிதர்தான். விசுவாசத்தின் அளவிலே இவர் அவர்களுக்குக் குறைந்தவரல்லர். அவ்விசுவாசத்தைத் தாங்கும் கூட்டுறவே இவருக்கு இல்லாமற்போயிற்று.

இதற்கிடையிலே சட்டமும் வந்தது. ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும் அதற்கு இடம் ஒதுக்குவதும் தோட்டத் துரையின் கடமை என்று 1907-இலும், இன்னும் கண்டிப்பாக 1920-இலும் விதிக்கப்பட்டது. இடாப்பும் உதவிப்பணமும் பரிசோதகரும் வந்தார்கள். இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசிரியரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் சபையின் கையிலிருந்து தோட்டத்தின் கைக்கு மாறிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தவர் எவரேனும் கிடைத்தால் போதும், பேர்ப்புத்தகம் எழுதவும் உதவினால் இன்னும் நல்லது என்னும் எண்ணம் பல இடங்களில் புகுந்தது. காலையில் ரப்பர்ப் பால்வெட்டுக்குத் துணைபோன பிள்ளை களைத்து வந்து உட்காரும் அரைநாள் வகுப்பிலே, தம்முடைய வேலையை ஓர் அழைப்பாகக் கருதிய ஆசிரியரும், கிடைத்த பிழைப்பாகக் கருதியவரும், ஒரே சொற்பச் சம்பளத்தில் அமர்ந்திருந்தார்கள்.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விசுவாசமுள்ளவன் குறைந்த சம்பளத்துக்கும் உழைப்பான் என்று சொல்லி, அவனைக் குறைந்த சம்பளத்திலேயே வைத்திருப்பது பாவம். திருநெல்வேலியிலே ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் டோனாவூரில் தொடங்கிய ஐக்கியத்தில் எவருக்கும் சம்பளமில்லை. அங்கே உழைத்தவர்களுக்கு வீடும் உணவும் நோயிலே பராமரிப்பும் முதுமையிலே அடைக்கலமும் உண்டு, தலைவியும் அதே நியமத்துக்கு உட்பட்டவர். ஆகையால் அந்தத் தியாகத்தைத் தியாகம் என்று சொல்லலாம். தோட்டத்து உபதேசியாருக்கோ சம்பளமும் சொற்பம், கூட்டு வாழ்வும் இல்லை, முதுமைக்கு ஆதாரமும் இல்லை. துரை மாறினால் அறையும் போய்விடும். அவரிடம் தியாகத்தைக் கேட்டவர்கள் அதே தியாகத்தில் பங்குகொள்ளவில்லை. இவ்வளவு நெருக்கடியிலும் எழுத்தறிவின் தீபத்தை அணையாமல் வைத்திருந்தவர்களின் பக்தியை நான் வணங்குகிறேன். அப்பக்தியைச் செலவின்றிப் பயன்படுத்திக்கொண்ட ஏற்பாட்டை என்னால் புகழ முடியவில்லை.

பிற்காலத்துச் சரித்திரம் பலரும் அறிந்தது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1960, 1961-ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. தோட்டப் பள்ளிகள் மட்டும் அப்போதும் தோட்டத்தாரிடமே விடப்பட்டு, 1977-ஐத் தொடர்ந்தே படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டன. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல்லாயிரம் குடும்பங்களை, அவர்களுள் ஆசிரியர்களையும் மாணவரையும், இந்தியாவுக்கு அனுப்பிற்று. 1981 ஆகஸ்டு மாதத்தில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் நிகழ்ந்த வன்செயல்களால் எஞ்சியோரிலும் பலர் வன்னிக்கு ஓடினர். இவ்வாறு ஆசிரியரும் சபையும் ஜனங்களும் கலைந்த தேசத்திலே, இரத்தினபுரிக்கெனத் தனி மறைமாவட்டம் 1995-இல் ஏற்பட்டபோது, தமிழ்ப் பிள்ளைகளுக்கான கல்விப் பணி பல இடங்களில் மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இன்று இம்மாகாணத்திலே கிறிஸ்தவப் பாடசாலையோ, முன்பள்ளியோ, ஞாயிறு பள்ளியோ நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆசிரியரை நியமிக்கும்போது அவருடைய பக்தியை விசாரிக்கிற அதே சிரத்தையோடு, அவருக்குத் தரும் சம்பளத்தையும், மாதத்தில் ஒருமுறையாவது அவரைச் சக ஆசிரியரோடு கூட்டிவைத்து அவர் சொல்லைக் கேட்கும் ஏற்பாட்டையும் விசாரியுங்கள். இரண்டாவதாக, உங்கள் ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகளையும், விவாகப் பதிவேடுகளையும், பழைய வரவு இடாப்புகளையும் எடுத்துப் பாருங்கள். மிஷனரிமாரின் பெயர்கள் அச்சிட்ட சரித்திரங்களில் நிலைத்துவிட்டன; உபதேசிமாரின் பெயர்கள் அக்காகிதங்களிலேதான், அவர்களுடைய கையெழுத்தாகவே கிடக்கின்றன. ஈரமும் கறையானும் மிகுந்த நம்முடைய மலைநாட்டில் அக்காகிதங்கள் இன்னும் ஒரு தலைமுறை தாங்கமாட்டா. இப்பொழுதே படியெடுத்து வையுங்கள்.