அக்கா என்றவள் மதினி என்பாளா?

எங்கள் திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கே முறைசொல்லிக் கூப்பிடாமல் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பஸ்ஸில் இடம் கேட்பவளுக்கும் நாம் 'அக்கா'தான். ஆனால் முறைச்சொல்லும் தெரு பார்த்துத்தான் வரும். என் அப்பத்தாவை மேலத்தெருப் பொடியன்கள் பேர்சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளோ அவர்களை 'அய்யா' என்பாள்.

அந்த அப்பத்தாவை முதன்முதலில் 'அக்கா' என்று கூப்பிட்ட வெளியாள், வேதம் சொல்லித்தர வந்த ஒரு கிறிஸ்தவப் பெண். எங்கள் பாயில் உட்கார்ந்தாள். எங்கள் செம்பில் தண்ணீர் குடித்தாள். சொல்லித்தந்த வேதத்தைவிட அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் அப்பத்தா கடைசிவரை பேசினாள். இன்னொன்றும் சொல்வாள்: "அவ மக கல்யாணத்துக்கு மட்டும் எனக்குச் சொல்லல."

அந்த அழைப்பு பொய்யா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லுக்கு விலை உண்டு என்பதை மிஷனரிகளே அறிந்திருந்தார்கள். பின்னாளில் எங்கள் பக்கம் மண்டபசாலையிலும் நிலையம் வைத்த அமெரிக்க மதுரை மிஷன், 1847இல் தன் ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்த உபதேசியார்கள் பலர் நீக்கப்பட்டார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் சமபந்தியையே சோதனையாக வைத்தது. கத்தோலிக்க வடக்கன்குளத்திலோ, ஒரே பிதாவின் பிள்ளைகள் வெள்ளாளர், நாடார் எனத் தனித்தனிப் பக்கம் நின்று ஜெபித்தார்கள். 1910இல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்குப் போட்டார்கள்.

அந்த விலையை ஆயுள் முழுக்கக் கொடுத்தவர்களும் உண்டு. 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல் டோனாவூரில், கோயிலுக்கு விடப்பட இருந்த பெண்குழந்தைகளை வளர்த்தார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1951இல் அங்கேயே இறந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'. வளர்த்த மற்றப் பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி'. சகோதரி என்பது மேடைச்சொல். சித்தி என்பது இடுப்பில் பிள்ளை சுமக்கிற சொல். இரவெல்லாம் விழித்துப் பாலூட்டிய தமிழ்ச் சித்திகள் பலர். உலகம் நினைவில் வைத்தது ஒரு அம்மாவின் பெயரைத்தான். பெற்ற தாய்மாரின் பெயர்களோ அந்தக் கதையில் இடம்பெறவே இல்லை. உண்மையான அன்பும் இன்னொரு பெண்ணை மறைத்துவிடலாம்.

இதையெல்லாம் யோசிக்கையில் அப்பத்தாவின் மனக்குறை எனக்குப் புரிகிறது. தமிழில் உறவுச்சொல் இரண்டு வகை. அக்கா, அண்ணன் என்றால் அங்கே கொள்வினை கொடுப்பினை கிடையாது. மதினி, மச்சான், சம்பந்தி என்றால் வாசல் திறந்திருக்கிறது. சபை நமக்குத் தாராளமாகத் தந்தவை முதல்வகைச் சொற்கள். சாதி தாண்டிச் 'சகோதரி' என்று கூப்பிடலாம். சம்பந்தம் பேச வேண்டியதில்லை. கூப்பிட்டவர் மனதில் கள்ளம் இல்லாமலே சாதி பத்திரமாக இருந்துகொள்ளும். சாதியைக் காக்கிற பொறுப்பைக் கல்யாணத்தின் வழியே பெண்ணின் உடம்பில் ஏற்றிவைத்த சமூகம் இது. அதனால் உறவுச்சொல்லின் சோதனை பந்தியோடு முடிவதில்லை. கல்யாணப் பத்திரிகை வரை போகிறது.

அந்தத் தண்ணீரை நான் சிறுமைப்படுத்தவில்லை. எங்கள் தெருவில் அன்று வேறு யாரும் அதைக் குடிக்கவில்லை. ஆனால் இன்று என்னைச் 'சகோதரி' என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் என்னை 'மதினி' என்று கூப்பிட ஒருத்தி இருக்கிறாளா?