நல்லமிளகும் வத்தலும்

நாகர்கோவில் பக்கம் மளிகைக்கடையில் 'நல்லமிளகு' என்று கேட்டால் கறுப்பு மிளகை எடைபோட்டுத் தருவார்கள். காரம் சிவப்பாக வேண்டுமென்றால் 'வத்தல்' என்று கேட்கணும். இந்த இரண்டு சரக்கும் முதல் உலகப்போரில் ரகசியச் சொற்களாக இருந்தன, தெரியுமா?

1914 செப்டம்பரில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இந்தியச் சிப்பாய்கள் இறங்கினார்கள். முன்பின் பார்த்திராத குளிர். சேறும் தண்ணீருமான பதுங்குகுழிகள். அவர்களுக்கிருந்த ஒரே ஆறுதல், ஊரிலிருந்து வரும் கடுதாசி. 1915 மார்ச்சில் அவர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதித் தள்ளினார்கள்!

இதில் ஒரு சங்கடம். பெரும்பாலான சிப்பாய்களுக்கு எழுதத் தெரியாது. எழுத்தறிந்த சகசிப்பாய் எழுதுவார். ஊரில் வாத்தியாரோ தபால்காரரோ படித்துக் காட்டுவார். மனைவிக்குச் சொல்லும் ஆசை வார்த்தையைத் தெருவே கேட்கும். பதில் எழுதவும் அவளுக்கு இன்னொருவர் கை வேணும்.

போதாக்குறைக்கு நடுவில் தணிக்கை அதிகாரிகள். கேப்டன் ஹோவெல் தலைமையில் ஒரு சிறு அலுவலகம் கடிதங்களைப் பிரித்துப் படித்தது. சிப்பாய்களின் மனசு சோர்கிறதா, கலகம் ஏதும் புகைகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

சிப்பாய்கள் சும்மா இருப்பார்களா? இந்தியில் மிளகு, மிளகாய் இரண்டுமே 'மிர்ச்'தான். காயம்பட்ட ஒருவர் ஊருக்கு எழுதினார்: கறுப்பு மிர்ச் தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிர்ச்தான் செலவாகிறது என்று. கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர். 'நம்ம ஆட்கள் செத்துத் தீர்கிறார்கள், யாரும் பட்டாளத்தில் சேராதீர்கள்' என்பதுதான் இந்தச் சமையல் குறிப்பின் பொருள். தணிக்கைக்காரர்கள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நம்ம பக்கத்துப் பேரும் அந்தப் போரில் உண்டு. 63ம் பாளையங்கோட்டை படைப்பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் ஜெர்மானியரோடு மோதித் தோற்றுப் பின்வாங்கியது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1951 வரை தனித் தபால்துறையே இருந்தது. அதன் பெயர்தான் 'அஞ்சல்'!

நாஞ்சில் நாட்டுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். மயிலாடியில் ரிங்கல்தௌபே, நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்று மிஷனரிகள் 19ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி திறந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கே பள்ளி நடத்தினார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தபால்காரர் தபாலைக் கொடுத்தால் போதும், படித்துக் காட்ட வேண்டாம். அடுத்தவர் காது படாமல் ஒரு கடிதம் படிப்பது எவ்வளவு பெரிய சுதந்திரம்!

இரண்டாம் உலகப்போரில் 25 லட்சம் இந்தியர் படையில் இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்ற எண்கள் வந்தன. மகன் எந்த மலையில், எந்த எல்லையில் நிற்கிறான் என்று தெரியாத அம்மாவும் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வாள்.

முதல் உலகப்போரில் 74,000 இந்தியருக்கு மேல் மாண்டார்கள். சிப்பாய்களின் குரல் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் கேட்கிறது. காரணம், சந்தேகப்பட்டுப் பிரதி எடுத்து வைத்த அந்தத் தணிக்கைதான். ஊரிலிருந்து தைரியம் சொல்லி எழுதிய மனைவியர், தாய்மாரின் கடிதங்களோ பெரும்பாலும் பதுங்குகுழிச் சேற்றோடு போயின. அவர்கள்மேல் யாருக்கும் அவ்வளவு சந்தேகம் வரவில்லை போலும்!