ஊரடங்கு

பிரெஞ்சில் ‘நெருப்பை மூடு’ என்ற பொருளில் பிறந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் கர்ஃபியூ. பிறப்பிலேயே கட்டளை. நம் ‘ஊரடங்கு’ வேறு ஜாதி. அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. கடைசி பஸ் போய், டீக்கடை பெஞ்சும் உள்ளே போனபின் தெருநாய் மட்டும் குரைக்கிற நேரத்தை ‘ஊரடங்கிய நேரம்’ என்போம். அப்போது யாரும் யாரையும் அடக்குவதில்லை. 2020 மார்ச் 25 முதல் 21 நாள் கொரோனாவுக்காக நாட்டையே பூட்டியபோது, செய்தித்தாள்கள் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டன. பின்னால் நின்றதோ 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் போலீஸ் லத்தியும். இலக்கணப்படி பார்த்தால் அரசு செய்தது ஊரடக்கு (அகராதியில் தேடாதீர்கள், நான் கட்டிய சொல்). அந்நாட்களில் ஒருவர் இருமல் வந்ததும் யாரும் சொல்லாமலே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைக்கச் சொன்னாரே, அவர் செய்ததுதான் அடங்கல்.