மெர்செட் ஊரில் வெடித்த பாட்டில்

வழக்கில் ஜெயித்த அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் மான்ட்கோமரி தெருவில் ஒரு மொட்டைமாடியிலிருந்து பீரங்கி முழங்கும். கூடவே கடற்கொள்ளையர் கொடியும் ஏறும். வக்கீல் மெல்வின் பெல்லியின் அலுவலகம் அது. கென்னடியைச் சுட்டதாகக் கைதானவனைச் சுட்டுக்கொன்ற ஜாக் ரூபிக்காக வாதாடியவர்; ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரில்கூடத் தலைகாட்டியவர். விளம்பரப் பிரியர் என்று அவரை ஒதுக்கியவர்கள் அன்றே உண்டு. ஆனாலும், உடல் சிதைந்தவர்களுக்காக அவர் நடத்திய வழக்குகளை ஒதுக்கிவிட முடியாது.

டிராம் மோதிக் காலை இழந்த பெண்ணின் வழக்கை பெல்லியே பெருமையாகச் சொல்வார். முதல் விசாரணையில் 65,000 டாலர் கிடைத்தது. மறுவிசாரணைக்கு, கறிக்கடையில் சுற்றித்தரும் மஞ்சள் காகிதத்தில் நீளமாக எதையோ சுற்றி, தினமும் நீதிமன்றத்துக்குத் தூக்கி வந்தார். உள்ளே வெட்டுண்ட கால்தான் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு நடுங்கியது. கடைசி நாளில் பிரித்தபோது வெளிவந்தது செயற்கைக் கால். அதை ஜூரியின் மடியில் வைத்து, இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க இதை மாட்டிக்கொண்டு நடப்பதை நினைத்துப் பாருங்கள் என்றார். தீர்ப்பு 1,00,000 டாலர்.

இதெல்லாம் சாமர்த்தியம். பாட்டில் கதை வேறு மாதிரி.

கலிஃபோர்னியாவில் மெர்செட் என்றோர் ஊர். அங்கே உணவகத்தில் பரிமாறும் பெண் ஒருவர் கோக்க-கோலா பாட்டில்களைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று வைத்தாயிற்று. நான்காவது கையிலேயே வெடித்தது. உள்ளங்கையில் ஐந்து அங்குல வெட்டு. நரம்பும் தசையும் அறுந்துபோயின. உடைந்த சில்லுகளைக் கடை ஊழியர் குப்பையில் போட்டுவிட்டார். கண்ணாடியில் கீறலா, வாயு அதிகமா? அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கம்பெனியின் கவனக்குறைவை வாதிதான் நிரூபிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆலைக்குள் நடந்தது ஆலைக்காரருக்குத்தான் தெரியும்.

பெல்லியும் சக வக்கீல்களும் ஜெயித்தார்கள். 1944-ல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒழுங்காக அடைத்த பாட்டில் தானாக வெடிக்காது, அதுவே சான்று என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். நீதிபதி ரோஜர் டிரெய்னர் ஒருபடி மேலே போனார். கவனக்குறைவைத் தேடவே வேண்டாம். பழுதான பொருளைச் சந்தையில் விட்டவரே பொறுப்பு. இழப்பை விலையோடு சேர்த்து எல்லாரிடமும் பரப்பிக்கொள்ள அவரால் முடியும், காயம்பட்டவரால் முடியாது என்று தனியாக எழுதிவைத்தார். அந்தத் தனிக் கருத்து சட்டமாக 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் போலியோ. 1955-ல் கட்டர் நிறுவனத்தின் தடுப்பூசி சிலவற்றில் வைரஸ் சாகாமல் உயிரோடு இருந்தது. நோயைத் தடுக்கப் போட்ட ஊசியே பிள்ளைகளை முடக்கியது. பத்துப் பேர் இறந்தார்கள். இரு குழந்தைகளுக்காக பெல்லி நடத்திய வழக்கில், 1958-ல் ஜூரி சொன்னது விசித்திரமானது: கம்பெனியிடம் கவனக்குறைவு இல்லை, ஆனாலும் 1,47,300 டாலர் கொடுக்க வேண்டும். விற்ற மருந்து பாதுகாப்பானது என்ற உத்தரவாதம் பொய்த்துப்போனதே காரணம்.

இந்த மனிதர் நம் நாட்டுக்கும் வந்தார். போபாலில் விஷவாயு கசிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மேற்கு வர்ஜீனியாவில், போபால் ஆலையின் தாய்க் கம்பெனியான யூனியன் கார்பைடு மீது 15 பில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டுவிட்டார். பிறகு மற்ற அமெரிக்க வக்கீல்களும் போபாலில் இறங்கினார்கள். கைநாட்டு வாங்கிய வக்காலத்துகள் குவிந்தன. பிணந்தின்னிகள் என்று பத்திரிகைகள் திட்டின. கோபம் நியாயம்தான். ஆனால் ஜெயித்தால் மட்டும் பங்கு என்ற அவர்கள் ஏற்பாடு இல்லாவிட்டால் அமெரிக்காவில் ஏழைக்கு இப்படியொரு வக்கீல் கிடைப்பதில்லை. இங்கே அப்படிப் பங்கு பேச பார் கவுன்சில் விதி தடை.

1985-ல் இந்திய அரசு தனிச் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் தானே வாதியானது. பெல்லி போன்றவர்களின் வேலை ஏறக்குறைய முடிந்தது. 1986 மே மாதம் நியூயார்க் நீதிபதி ஜான் கீனன், இதை இந்தியாவில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தார். ஜூரியின் மடியில் போபாலை வைக்கும் வாய்ப்பு பெல்லிக்குக் கிட்டவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு எந்தச் சாக்கும் கிடையாது என்று தீர்ப்பளித்தது. டிரெய்னர் கேட்டதைவிடக் கடுமையான விதி அது. ஆனால் போபாலுக்கு அதைப் பொருத்திப் பார்த்து முடிவு சொல்லும் நாள் வரவில்லை. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. யார் பொறுப்பு என்பதை எந்த நீதிமன்றமும் விசாரித்து முடித்திருக்கவில்லை.

(தொடரும்)