‘ஒரிஜினல்’ யாருடையது? – ஏலமலை ஜீப்புகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பழைய கார்களைப் பற்றி எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் உடைமையாளர்களின் வரலாறாகவே இருக்கிறது. எந்த மகாராஜா எந்த வருஷம் வாங்கினார், எந்த ஜமீன் கொட்டகையில் எத்தனை காலம் போர்த்தி வைத்திருந்தார்கள், பிறகு யார் தேடிக் கண்டெடுத்து எந்த நாட்டிலிருந்து விளக்குக் கண்ணாடியை வரவழைத்துப் பொருத்தினார்கள் – கதை இதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் காரைத் துடைத்தவன், ஓட்டியவன், அதன் அடியில் படுத்துக்கிடந்து முகமெல்லாம் ஆயிலானவன் யாரும் கதைக்குள் வருவதில்லை. கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் மியூசியம் போன்ற சேகரங்கள் தொழில்நுட்ப வரலாற்றுக்குச் செய்திருக்கும் பணி சிறியதல்ல. ஆனால் உழைத்து உழைத்துத் தேய்ந்துபோன வண்டிக்கு வரலாற்றில் என்ன இடம் என்பது வேறு கேள்வி. இதைத் தேவாரத்தில் நின்றுகொண்டு கேட்டுப்பார்க்கலாம்.

தேவாரத்துக்கு மலை தலைமாட்டிலேயே நிற்கிறது. மேலே இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தால் பக்கம். அந்த வழியில் வண்டிப்பாதை வேண்டும் என்பது பல பத்தாண்டுக் கோரிக்கை. பாதை இல்லாததால் ஜீப் வடக்கே போடிமெட்டையோ தெற்கே கம்பம்மெட்டையோ சுற்றித்தான் ஏற வேண்டும். தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, கம்பம், போடி என்று பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்தெல்லாம் விடியுமுன்னே ஜீப்புகள் ஆள் ஏற்றிக் கிளம்பும். பொழுது சாயத் திரும்பும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிலமில்லாதவர்கள், தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. வீடு ஒரு மாநிலத்தில், கூலி இன்னொரு மாநிலத்தில் என்று ஆகிப்போன இந்த வாழ்க்கையைத் தினமும் தைத்துக்கொண்டிருந்த ஊசி என்று ஜீப்பைச் சொல்லலாம்.

2

ஜீப்புக்கு ‘மூலம்’ எது என்று தேடிப் போனால் சுவாரசியமான இடத்தில் போய் முட்டிக்கொள்வோம். 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்டு பாண்டம் என்ற சின்ன கம்பெனி முதல் மாதிரியைச் செய்தது. ராணுவம் அந்த வடிவத்தை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகளின் முன்னால் விரித்துக் காட்டியது. 1941இல் ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போனது. அதே வண்டியை ஃபோர்டும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் உருட்டித் தள்ளின. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்பதுதான் நிபந்தனையே. போர்க்களத்தில் மூன்று ஜீப் நொறுங்கினால் அவற்றைக் கழற்றி ஒரு ஜீப்பாவது ஓட்டியாக வேண்டும். ஆக, பாகம் மாற்றுவது ஜீப்புக்கு நேர்ந்த விபத்தல்ல. அது பிறந்த விதமே அதுதான்.

ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டில்கூட, ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்தது. இன்று உலகெங்கும் ஜீப்பை மீட்டெடுக்கும் சேகரிப்பாளர்கள் இந்த ‘எஃப்’ போல்ட்டுக்காக அலைகிறார்கள். ஃபோர்டு வண்டியில் வில்லிஸ் போல்ட் இருந்தால் அது ‘தப்பான’ பாகம். போர்க்களத்து மெக்கானிக் அந்த எழுத்தைத் திரும்பிப் பார்த்திருப்பானா? வேற்றுமை தெரியாமல் இருக்கத்தான் அந்த வண்டியே திட்டமிடப்பட்டது. அச்சுப்படிகளில் எது மூலப்படி என்று கேட்பது அர்த்தமற்றது என்று வால்டர் பெஞ்சமின் 1936இல் புகைப்படத்தை வைத்துச் சொன்னது ஜீப்புக்கு அப்படியே பொருந்தும்.

இந்தியாவுக்கு வந்தால் இன்னும் சிக்கல். 1945இல் மகிந்திரா & முகம்மது என்ற பெயரில் இரும்பு வணிகமாகத் தொடங்கிய கம்பெனி, பங்காளி குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய்விட, 1948இல் மகிந்திரா & மகிந்திரா ஆனது. பிரிவினை அந்தப் பெயரிலேயே ஒரு பாகத்தைக் கழற்றி மாற்றிவிட்டது. முதலில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டினார்கள். பிறகு உரிமம் பெற்று இங்கேயே செய்தார்கள். உயரமான பானெட் கொண்ட சிஜே-3பி என்ற மாடல் அமெரிக்காவில் 1953இல் வந்து 1968இல் நின்றுபோனது. இங்கே அந்த உருவம் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. பெற்றவள் கைவிட்ட பிள்ளையை வளர்த்தவள் கடைசிவரை வைத்திருந்தாள் என்றால், பிள்ளை யாருடையது?

3

நம் பட்டறைகளில் பாகங்களுக்கு ஒரு வருணாசிரமம் உண்டு. மேலே ‘கம்பெனி ஐட்டம்’. அடுத்து ‘ஒரிஜினல்’ – அதாவது பழைய வண்டியிலிருந்து கழற்றியது. அதற்கும் கீழே ‘லோக்கல்’. எல்லாவற்றுக்கும் அடியில் ‘டூப்ளிகேட்’. தூய்மை, கலப்பு என்று நம் சமூகம் மனுஷர்களைப் பிரித்த மொழியேதான் இரும்புக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் பட்டறை வேலை இந்த அடுக்கை நாள்தோறும் மீறிக்கொண்டே இருக்கிறது. கியர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும்; சேஸ் விரிந்தால் பட்டை வைத்து வெல்டிங் போட வேண்டும்; கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டை மாதிரிப் பழைய இரும்புச் சந்தைகளில் குவியலைக் கிளறி எடுக்க வேண்டும். ‘சேருமா, ஓடுமா, அது போதும்’ என்பதுதான் அங்கே இலக்கணம்.

பெட்ரோல் குடிக்கும் ஹரிகேன் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைத்தது இந்தியா முழுக்க நடந்தது. அந்த டீசல் எஞ்சின்களில் ஒரு வகை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் எஞ்சினின் வம்சம். 1980களில் பரவிய இன்னொன்று பெஜோ என்ற பிரெஞ்சு கம்பெனியின் உரிமத்தில் வந்தது. அமெரிக்க உடம்பு, டிராக்டர் நெஞ்சு, உள்ளூர் டிங்கரிங், பின்னால் ஆள் உட்காரக் கூடுதல் பெஞ்சு, ஏறிக்கொள்ள ஒட்டவைத்த படி. மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு: டீசல் விலை, ஏற்றம், ஆள் கணக்கு, கூலி. ஆவணம் இல்லாத மக்களுடைய பொருளாதார வரலாற்றை இந்தப் பாகங்களிலிருந்து வாசிக்க முடியும். ஆர்சி புத்தகத்தில் கைமாறிய பெயர்கள், லேத் பட்டறை ரசீது, போலீஸ் போட்ட அபராதச் சீட்டு – இவைதான் இந்த வண்டியின் ஆவணக்காப்பகம்.

4

சட்டம் இந்த வாசிப்பை மறுக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ‘விண்டேஜ்’ வாகனத்துக்கென்று தனி ஏற்பாடு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. சொந்த உபயோக வண்டியாக இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அதற்குப் பிறகு கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு என்று சிலவற்றுக்குத்தான் தெருவில் இறக்கலாம். வாடகைக்கோ அன்றாட உபயோகத்துக்கோ கூடாது. கூர்ந்து வாசித்தால் விஷயம் புரியும். உழைக்காத, மாறாத வண்டிக்கே வரலாறு உண்டு என்கிறது விதி. ஐம்பது வருஷம் மெட்டு ஏறி இறங்கிய ஜீப் மாறாமல் இருக்க முடியாது. மாறியதால் அது விண்டேஜ் அல்ல, வெறும் பழசு. காயலான் கடைக்கு.

இன்னொரு பக்கம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. பாதுகாப்பு பற்றிய அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அரசு எப்போதும் இவ்வளவு சுத்தம் பார்த்ததில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் என்று பேசப்படும் 1948 ஜீப் விவகாரமே பழுதுபார்த்த பழைய ஜீப்புகள் பற்றியதுதான். ராணுவத்துக்காக 80 லட்சம் ரூபாய் ஒப்பந்தம் போட்டு, வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள். 1955இல் விவகாரம் முடிந்ததாக அரசு அறிவித்துவிட்டது.

சேகரிப்பாளர்களின் சர்வதேச அமைப்பேகூட இந்த விஷயத்தில் நம் விதியைவிட ஒரு படி முன்னால் நிற்கிறது. பழைய வாகனங்களுக்கான அதன் டூரின் சாசனம், வண்டி புழக்கத்தில் இருந்த காலத்தின் தடயங்களையும் வரலாற்றுச் சாட்சியமாகப் பார்க்கிறது. நமக்கு அந்தச் சாட்சியம் தேவைப்படவில்லை போலும்.

இப்போது மலை ஜீப்புக்கு வேறு ஒரு மரியாதை வந்திருக்கிறது. பழைய மகிந்திராவை வாங்கி, பெஞ்சைப் பிய்த்துப்போட்டு, ராணுவப் பச்சை அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் வரைந்து, ‘ரெஸ்டோர்’ பண்ணியதாகச் சொல்கிறார்கள். போர்க்கால ஜீப்பின் முகப்பில் அச்சிலிட்டுத் துளைத்த ஒன்பது துளைகள். போருக்குப் பிறகு வந்த சிவிலியன் ஜீப்பில் ஏழு. ஏழு துளை முகத்தில் போர் நட்சத்திரம் ஒட்டுவது எந்த வரலாற்றை மீட்கிறது? வண்டி பார்க்காத நார்மண்டி உள்ளே வருகிறது. பார்த்த ஏலத்தோட்டம் வெளியே போகிறது.

5

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒட்டுப்போட்ட ஜீப்பை எதிர்க்கலாச்சாரச் சின்னமாக்கி நாம் கொண்டாடத் தொடங்கினால் அதுவும் உடைமையாளர் ரசனையின் இன்னொரு வடிவமாகிவிடும். அந்தக் கூடுதல் பெஞ்சு ஒரு கண்டுபிடிப்பு என்பது உண்மை; அதுவே ஆட்களைச் சரக்காக அடுக்கும் ஏற்பாடு என்பதும் உண்மை. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் தலப்புழா பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். தேய்ந்த பாகத்தின் விலையை முதலில் கொடுக்கிறவர்கள் பின்பெஞ்சில் இருப்பவர்கள்தாம்.

எல்லையும் அவர்கள் மேல்தான் விழுகிறது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை கொதித்தபோது மேலே வேலைக்குப் போயிருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்து மலையிறங்கி ஓடிவந்தார்கள். ஜீப்புகள் நின்றன, கூலியும் நின்றது. 2020 ஊரடங்கில் மறுபடி மெட்டுகள் மூடின. இந்த நாட்களைப் பற்றி எந்த வண்டியின் வரலாற்றிலும் ஒரு வரி இருக்காது. இருபது முப்பது வருஷமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து போய்வந்த பெண்களிடம் கேட்டால்தான் தெரியும். அவர்களிடம் யாராவது போய்க் கேட்க வேண்டும், காலம் அதிகமில்லை.

தேவாரத்து ஜீப் ஒன்றை உண்மையிலேயே மீட்டெடுப்பதானால் டிராக்டர் எஞ்சினை அப்படியே விட வேண்டும். வெல்டிங் தழும்பைத் தேய்த்து மறைக்கக் கூடாது. பெஞ்சைப் பிடுங்கக் கூடாது. எத்தனை பேருக்கு அனுமதி, எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், அன்றைக்குக் கூலி எவ்வளவு, ஜீப்புக்காரருக்குப் போனது எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அப்படி ஒரு ஜீப் ஏதாவதொரு கூடத்தில் நிற்கும் நாளில், கீழே ஊரிலிருந்து அந்தப் பெண்கள் அதைப் பார்க்க வந்தால், அநேகமாக அவர்கள் கேட்கப்போவது வேறு: ‘இதை வச்சிருக்கறது இருக்கட்டும், எங்களுக்கு பஸ் எப்ப விடுவீங்க? சாக்கலூத்துக்கு ரோடு எப்ப?’ அந்தக் கேள்வியையும் சேர்த்து எழுதிவைக்கிற வரலாறுதான் இந்த வண்டிக்குச் சரியான பாகம்.