பனிமலை ஏறுவார் பலகையும் கட்டும்

ராமாபுரத்தில் பனி பெய்வதில்லை. மார்கழி விடியலில் புல்நுனியில் தங்கி நிற்கும் துளியையே நாம் பனி என்று வழங்குகிறோம். கதிரவன் ஒரு பனையளவு ஏறுமுன் அதுவும் மறைந்துவிடும். மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ஆள் புதையும் உறைபனியின்மேல் காலில் பலகை கட்டி மலையேறுவாருடைய கருவிகளின் வரலாற்றை நாம் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், நேயர்களே, அவ்வரலாற்றின் நடுவில் நிற்கும் ஒருவர் பிறந்த ஊர் சென்னை என்று அறிந்தால் அவ்வியப்பு ஓரளவு தணியும். ஸர் ஆர்னால்டு லன் என்னும் அப்பெரியார் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். அவர் தந்தை ஹென்றி லன் மெதடிஸ்டு சபையின் மருத்துவத் தொண்டராக இங்கு வந்தவர். நெடுநாள் தங்காமல் இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், பின்னர் சுவிட்சர்லாந்தின் மலைகளுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் தொழிலை மேற்கொண்டார். கடற்கரைப் பட்டினத்திற் பிறந்த குழந்தை பனிமலைக்கு உரியவராய் வளர்ந்தது இவ்வாறுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். பனிச்சறுக்கு என்றவுடன், கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் ஏறி மலையுச்சி சேர்ந்து, செப்பனிட்ட சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டே பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் கூறவந்தது அதுவன்று. பாதையில்லாத மலைக்காட்டில், தம் காலாலேயே ஏறி, கணவாய் கடந்து, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கிச் செல்லும் நெடும்பயணம். இதற்கு வேண்டிய கருவி ஏறவும் உதவ வேண்டும். இறங்கவும் உதவ வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஏறும்போது குதிகால் தூக்கி நடக்க இயல வேண்டும். இறங்கும்போது குதிகால் பலகையோடு ஒட்டி நிற்க வேண்டும். ஏறுவதற்கு எடை குறைந்திருத்தல் நன்று. இறங்குவதற்கோ உறுதியும் கனமும் நன்று. இக்கருவிகளின் வரலாறு முழுவதும் இம்முரணைத் தீர்க்க முயன்றாருடைய வரலாறே ஆகும்.

பலகை மிகப் பழையது. நார்வே நாட்டின் டிகர்வார்டன் மலையில் உருகிவந்த பனியினின்று 2014இல் ஒரு பலகையும், 2021இல் அதன் இணையும் கிடைத்தன. ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இரண்டாவதாகக் கிடைத்தது 187 செண்டிமீட்டர் நீளமும் 17 செண்டிமீட்டர் அகலமும் உடையது. முறுக்கிய பூர்ச்ச மரத்தாலும் தோலாலும் ஆன கட்டு அவற்றின்மேல் இருந்தது. இரண்டாவது பலகையில் பழுது பார்த்த அடையாளமும் காணப்படுகிறது. எவரோ ஒருவர் ஏர்க்கலப்பையைச் செப்பனிடுவதுபோல் அதனைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார். அது விளையாட்டுப் பொருள் அன்று. வேட்டைக்கும் வழிப்போக்குக்கும் உரிய வாழ்க்கைக் கருவி.

பலகை பனியில் வழுக்குமெனில் அதைக்கொண்டு மேலே ஏறுவது எங்ஙனம்? இதற்கு வடநாட்டார் கண்ட விடை மிக எளியது. பூனையின் முதுகைத் தலையினின்று வாலுக்குத் தடவினால் கை வழுக்கிச் செல்லும். எதிர்த்திசையில் தடவினால் மயிர் சிலிர்த்துக் கையைத் தடுக்கும். அதுபோலவே, மயிர் பின்னோக்கிப் படியுமாறு பலகையின் அடியில் விலங்கின் தோலை வைத்துக் கட்டினால், பலகை முன்னே வழுக்கும், பின்னே சறுக்காது. ஸ்வீடன் நாட்டு ஓலாஸ் மாக்னஸ் 1555இல் வெளியிட்ட நூலிலேயே தோல் வைத்த பலகையைக் குறித்திருக்கிறார். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் பட்டையாக அறுத்து, ஏறும்போது கட்டி, உச்சியில் அவிழ்த்துச் சுருட்டிப் பையில் இட்டுக்கொண்டனர். இக்காலத்தில் அங்கோரா ஆட்டு மயிராலோ நைலானாலோ நெய்து, பசை தடவி ஒட்டுகின்றனர். பொருள் மாறியிருக்கிறது, பூனை முதுகின் தத்துவம் மாறவில்லை.

கருவியைத் தேர்ந்தெடுப்பதை ஒரு கலையாகவே உலகுக்குக் காட்டியவர் நார்வே நாட்டு பிரிட்யாப் நான்சென் ஆவார். 1888இல், அதாவது சென்னையில் லன் பிறந்த அதே ஆண்டில், அவர் ஐந்து தோழருடன் கிரீன்லாந்தின் பனிப்பாலையைக் கிழக்கினின்று மேற்காகக் கடந்தார். கிழக்குக் கரையில் உதவுவார் எவருமிலர். மேற்குக் கரையில் ஊர்கள் உண்டு. ஆகையால் புறப்பட்டபின் திரும்புதல் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளும் உயிரோடு தொடர்புடையது. நான்சென் இழுவை வண்டிகளைத் தாமே திட்டமிட்டார். ஆணிக்கு மாறாகத் தோல்வாரால் பிணைத்த ஆஷ் மரச் சட்டங்கள் அவை. குளிரில் ஆணி வைத்த மூட்டு விரிசல் காணும். வாரால் கட்டியதோ நெகிழ்ந்து கொடுக்கும். மாட்டுவண்டியின் மூட்டுகளைப் பார்த்துப் பழகிய நம் ஊர்த் தச்சருக்கு இந்நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. உறங்குவதற்கு மூவருக்கு ஒன்றாகக் கலைமான் தோற்பைகள் இரண்டு. எடையும் குறையும், ஒருவர் உடற்சூடு மற்றவர்க்கும் உதவும்.

இத்துணைக் கருத்தோடு தேர்ந்தவரும் ஓரிடத்தில் ஏமாந்தார். உணவாகக் கொண்டுபோன உலர்ந்த இறைச்சியில் கொழுப்புக் கலந்திருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார். அதைச் செய்தவர்களோ கொழுப்பை முற்றிலும் நீக்கியிருந்தனர். பனிமேட்டில் நாள் முழுதும் வண்டி இழுக்கும் உடல் கொழுப்புக்கு ஏங்கிற்று. வயிறு நிறைய உண்டும் பசி தீரவில்லை. காலணிக்குத் தடவ வைத்திருந்த ஆளிவிதை எண்ணெயை உண்ணலாமா என்று தோழர் ஸ்வெர்துருப் கேட்கும் அளவுக்கு அவ்வேக்கம் மிகுந்தது. மேற்குக் கரையை அடைந்தபின் வேறொரு துன்பம்: ஊருக்குச் செல்லக் கடல்வழி வேண்டும், படகோ இல்லை. கூடாரத் துணியையும் அங்குள்ள வில்லோ மரக்கிளைகளையும் கொண்டு ஒரு சிறு படகு கட்டி, நான்சென்னும் ஸ்வெர்துருப்பும் அக்டோபர் 3ஆம் நாள் காட்ஹாப் என்னும் ஊர் சேர்ந்தனர். தம் பிழையை மறையாமல் நூலில் எழுதிய நான்சென்னின் நேர்மையை நாம் அவருடைய வீரத்தினும் மேலாக மதிக்கிறோம். வெற்றியைக் கூறுவோர் பலர். மூட்டையில் எது தவறிற்று என்று கூறுவோர் சிலரே.

நான்சென்னின் நூலைப் படித்து ஊக்கம் பெற்றவர்களுள் ஆஸ்திரியாவின் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி ஒருவர். அவர் நார்வேயிலிருந்து பலகை தருவித்துப் பார்த்தார். மேடுபள்ளம் தாழ்ந்த நார்வே நிலத்துக்கு ஏற்ற நீண்ட பலகை ஆல்ப்ஸின் செங்குத்துச் சரிவில் அடங்கவில்லை. பலகையைக் குறுக்கினார், எஃகு வில் பொருத்திய கட்டொன்றை அமைத்தார், 1890களின் இறுதியில் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார். நார்வே முறையே சிறந்தது என்பாருக்கும் இவர் கட்சிக்கும் பல்லாண்டு பூசல் நிகழ்ந்தது. ஒரு கோலா இரு கோல்களா என்பதிலும் சண்டை; ஸ்டார்ஸ்கி ஒரு கோலே போதும் என்றார். இரு கோல் கட்சியே இறுதியில் வென்றது. எனினும் நிலத்துக்குத் தக்கவாறு கருவி அமைய வேண்டும் என்ற அவர் கொள்கையை எவரும் வெல்லவில்லை. முதல் உலகப் போரின்போது, 1916இல், பனிச்சரிவு ஒன்று அவர்மேல் வீழ்ந்தது. உடலெங்கும் எலும்புகள் முறிந்தும் பிழைத்து, பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார்.

இனி நம் சென்னைப் பிள்ளையிடம் வருவோம். லன் 1908இல் ஆல்ப்ஸ் பனிச்சறுக்குக் கழகத்தை நிறுவியபோது அவருக்கு அகவை இருபதே. அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டு மலையொன்றில் பாறையேறும்போது வீழ்ந்தார். கால் முறிந்து, மற்றதினும் சில அங்குலம் குட்டையாயிற்று; புண்ணும் ஆறாமல் நெடுங்காலம் வருத்திற்று. வேறொருவராயின் பலகையைப் பரண்மேல் எறிந்திருப்பர். லன்னோ, சுவிட்சர்லாந்தின் எல்லைக்குள்ளேயே முழுதும் அடங்கிய சிகரங்களுள் மிக உயர்ந்ததாகிய 4,545 மீட்டர் உயரமுள்ள டோம் சிகரத்தை 1917இல் முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகையின் துணைகொண்டு ஏறினார்.

1911இல் மொந்தானா என்னும் ஊரில் அவர் நடத்திய இறக்கப் பந்தயத்துக்கு ஒரு கோப்பை வழங்கியவர் காந்தகார் ராபர்ட்ஸ் பிரபு. அப்பெயர் நமக்கும் அயலன்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் இவரே. 1880இல் காபூலினின்று காந்தகாருக்கு 300 மைலுக்கு மேற்பட்ட வழியை மூன்று வாரத்துக்குச் சற்று மிகுந்த காலத்தில் படையோடு நடந்து கடந்தமையால் அவ்வூர்ப் பெயர் அவர் பட்டத்தோடு சேர்ந்தது. அந்நடையின் மறைபொருள் யாதெனில், சக்கரம் பூண்ட வண்டி ஒன்றையும் அவர் உடன்கொண்டு செல்லாமையே. மூட்டைகளும் இயன்ற மட்டும் குறைக்கப்பட்டன. எதை எடுப்பது என்று ஆராய்ந்ததினும் எதை விடுவது என்று ஆராய்ந்தவர் பெயரில் பனிமலைப் பந்தயம் ஒன்று நிகழ்ந்தது பொருத்தமே என்று நமக்குத் தோன்றுகிறது. அப்பந்தயத்தில் ஏறுவதற்குப் பொறி கிடையாது. போட்டியாளர் முதல் நாளே தம் காலால் ஏறி மலைக்குடிலில் இரவு தங்கி, விடிந்தபின் இறங்கினர்.

1924இல் லன் மூரன் என்னும் ஊரில் காந்தகார்க் கழகத்தை அமைத்தார். 1928இல் ஆஸ்திரியாவின் ஹான்னஸ் ஷ்னைடருடன் சேர்ந்து ஆர்ல்பெர்க்–காந்தகார்ப் பந்தயத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் கைடோ ரூஜ் ஒரு புதிய கட்டை அமைத்து அதற்கும் காந்தகார் என்றே பெயரிட்டார். எஃகுக் கம்பிவடம் ஒன்று குதிகாலைச் சுற்றி வரும்; முன்னுள்ள நெம்புகோலை அழுத்தினால் இறுகும். பலகையின் இருபுறமும் உள்ள கொக்கிகளில் வடத்தை மாட்டினால் குதிகால் கீழே ஒட்டும். கழற்றினால் தூக்கி நடக்கலாம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே கட்டு! முன்சொன்ன முரண் முதன்முறையாக ஓரளவு தீர்ந்தது. ஆப்கானிய நகரத்தின் பெயர் ஐரோப்பியக் கடைகளிலெல்லாம் காலணிக்கட்டின் பெயராய் வழங்கலாயிற்று.

ஆனால் இறுகிய கட்டு வீழும்போது காலை விடாது; எலும்பு முறியும். இதற்கு மாற்றாக, குறித்த விசைக்குமேல் தானே விடுபடும் கட்டினை 1930களின் இறுதியில் யால்மார் வாம் என்னும் அமெரிக்க வாழ் நார்வேயர் அமைத்தார். தம் கால் முறிந்த அனுபவமே அவருக்கு ஆசானாயிற்று. பின்னர் மலையெங்கும் இழுவைப் பொறிகள் வந்தன. ஏற வேண்டிய தேவை அற்றதும் கட்டுகள் கனத்துப் பெருத்தன. மலைப்பயணிகளுக்கு இது இடையூறாயிற்று. காலிலே கட்டிய ஒரு சேர் முதுகிலே சுமந்த ஐந்து சேருக்குச் சமம் என்பது அவர்கள் வழக்கு. ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் கனத்த கருவியோடு மோன் பிளாங்க் மலையேறிச் சலித்து, 1980களில் காலணியின் முனையை இரு சிறு முளைகளால் கவ்வும் மெல்லிய கட்டினைக் கண்டார். இன்று மலைப்பயணிகளிற் பெரும்பாலோர் காலில் உள்ளது அவ்வழி வந்ததே.

நம் நாட்டில் இக்கலை வேரூன்றிய இடம் காஷ்மீரத்துக் குல்மார்க். 1927இல் ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை நிறுவினர். அவர்கள் ஏறியதெல்லாம் தோற்பட்டையின் துணையாலேயே. 1948 டிசம்பரில் அங்கேயே படைவீரர்க்குப் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர், மைசூருக்கு அண்டையதான குடகு நாட்டில் பிறந்த தளபதி திம்மய்யா. அதுவே 1962இல் உயர்மலைப் போர்ப்பள்ளியாக வளர்ந்தது. 1998இலும் 2005இலும் இரு கட்டங்களாக அமைந்த கம்பிவடப் பெட்டி இன்று அபர்வத் மலைத்தோளுக்கே ஆளைக் கொண்டு சேர்க்கிறது. வசதி பெரிது; ஆபத்தும் பெரிது. முன்னாளில் நான்கு மணி நேரம் ஏறியவன் பனியின் இயல்பை அடிதோறும் அறிந்துகொண்டான். பெட்டியில் வந்தவனுக்கு அப்பாடம் கிட்டுவதில்லை.

பாடம் அறிந்தோரையும் பனி விடுவதில்லை. 2010 பிப்ரவரி 8இல் குல்மார்க்கின்மேல் வீழ்ந்த பனிச்சரிவில் அப்போர்ப்பள்ளியைச் சேர்ந்த 17 வீரர் மாண்டனர். 2016 பிப்ரவரி 3இல் சியாச்சினில், 19,000 அடிக்கு மேற்பட்ட காவலிடத்தில், மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பதின்மர் புதையுண்டனர். தமிழ்நாட்டார் நால்வர், கன்னட நாட்டார் மூவர், அவர்களுள் ஒருவர் மைசூர் மாவட்டத்தவர். ஆறு நாளுக்குப்பின் ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டார். அவரும் பிப்ரவரி 11இல் காலமானார். செய்தி வந்த நாட்களில் இப்பக்கத்து ஊர்களில் வானொலிப் பெட்டியின் அருகினின்று எவரும் அகலவில்லை.

ஆதலின் கருவி தேர்வாருக்கு நாம் முதலிற் கூறுவது பலகையைப் பற்றியன்று. புதைந்தவரைக் கண்டறியும் கருவி, நீண்ட குத்துக்கோல், மண்வெட்டி என்னும் மூன்றைப் பற்றியே. முற்காலத்தில் நீண்ட சிவப்புக் கயிற்றைப் பின்னே இழுபடவிட்டு நடந்தனர். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு பகுதி மேலே தெரியும் என்ற நம்பிக்கை. அஃது எப்போதும் பலிக்கவில்லை. 1968இல் அமெரிக்காவின் ஜான் லாட்டன் ரேடியோ அலைகொண்டு தேடும் சிறு கருவியை அமைத்தார். இன்று எல்லாக் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலையில் இயங்குகின்றன. எந்நாட்டார் கருவியும் எந்நாட்டாரையும் தேடும். இது தோழன் கையில் இருந்தாலன்றிப் பயனில்லை. சுவிட்சர்லாந்துக் கணக்குகளைக்கொண்டு 1994இல் வெளியான ஆய்வின்படி, 15 நிமிடத்துக்குள் தோண்டியெடுக்கப்பட்டவருள் பத்தில் ஒன்பதின்மர் பிழைத்தனர். 35 நிமிடமாயின் மூவரில் ஒருவரே. அண்மை ஆய்வு அம்முதற் காலத்தை 10 நிமிடமாகக் குறைத்துவிட்டது. ஊருக்கு ஓடி ஆள் கொணர அவகாசம் இல்லை.

அடுத்தது காலணி. குல்மார்க்கில் நடுவணரசு நடத்தும் பயிற்சி நிலையத்தில் சேரும் தொடக்கநிலையாளருக்குப் பலகையும் கோலும் அங்கேயே கிடைக்கும். நல்ல பலகை எது என்று ராமாபுரத்திலிருந்து போகும் இளைஞர் முதல் ஆண்டிலேயே மனம் குழம்ப வேண்டுவதில்லை. ஆனால் காலணியைப் பிறர் தேர்ந்து தர இயலாது. பருத்தியுறை வேண்டா; நனைந்தால் உலராது. கம்பளியுறை ஒன்றே போதும். இரண்டு அணிந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் குளிர் மிகும். அணிந்து நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விரல் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகாலோ மேலே எழலாகாது. அவ்வாறே அணிந்து, கடைக்காரர் முகம் சுளித்தாலும், கால் மணி நேரம் அங்கேயே நடந்து பார்த்து வாங்குக.