இறையியலாளர்தம் காவற்புனிதரும் பரிந்துரை வேண்டலும்

ஊர்தோறும் தொழில்தோறும் காவற்புனிதர் ஒருவரைக் கொண்டு, அவர்தம் பரிந்துரையை வேண்டுதல் கத்தோலிக்கத் திருச்சபையில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்காகும். பரிந்துரையாவது, விண்ணுலகு எய்திய புனிதர் மண்ணுலகத்தார்பொருட்டு இறைவனிடம் மன்றாடுதல். இறையியல் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் இத்தகைய காவலர் சிலர் உளர். கிழக்குத் திருச்சபையார் நற்செய்தியாளர் அருளப்பரை 'இறையியலார்' என்னும் அடைமொழியானே வழங்குவர். மேலைத் திருச்சபையார் அகுஸ்தீனாரைப் போற்றுவர். அறநெறி இறையியலார்க்கும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமார்க்கும் அல்போன்ஸ் லிகோரியாரைக் காவலராக 12-ஆம் பத்திநாதர் 1950-இல் அறிவித்தார். எனினும், இத்துறைக் காவலருள் தலையாயவராக எண்ணப்படுபவர் தாமஸ் அக்குவினாஸ் அடிகளே. நூலாலும் வாதத்தாலும் பெயர்பெற்ற ஒருவர், பரிந்துபேசும் புனிதராக ஏற்கப்பட்டது எங்ஙனம் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். அவர் இயற்றிய நூற்பகுதி ஒவ்வொன்றும் ஓர் அற்புதமே என்று கூறி அவரைப் புனிதராக்கினர் என்னும் வழக்குரை ஒன்று உண்டு. அழகிய கூற்றுத்தான்; ஆயின் விசாரணை ஏடுகள் காட்டும் வரலாறு வேறு.

அடிகள் இலியோன் நகரப் பொதுச்சங்கத்திற்குச் செல்லும் வழியில் மயென்சாக் கோட்டையில் நோயுற்று, உரோமைக்குத் தெற்கேயுள்ள பொசனோவா என்னும் சிஸ்டர்சியன் மடத்தில் 1274 மார்ச்சு 7-இல் உயிர்நீத்தார். அதற்கு மூன்று திங்கள் முன்னரே அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். 1273 திசம்பர் 6-இல் நேப்பிள்ஸில் திருப்பலி நிறைவேற்றிய பின்னர் எழுதுதலை விடுத்தாரென்றும், துணைவர் ரெஜினால்டு காரணம் வினவியபோது, தமக்குக் காட்டப்பட்டவற்றின் முன் தாம் எழுதியன யாவும் வைக்கோலாகவே தோன்றுகின்றன என்றாரென்றும், கப்புவா நகரத்துப் பர்த்தொலொமேயு என்னும் சட்ட அறிஞர் பின்னர்ச் சான்று பகர்ந்தார். 'இறையியற்றொகை' முற்றுப்பெறாது நின்றது.

அவர் பெரும்புகழ் பெற்ற பாரிசுப் பல்கலைக்கழகமேனும் அவரை அன்றே புனிதராகக் கொண்டாடியதோ எனின், அதுவும் முழுமையாக இல்லை. அவர் இறந்த நாளுக்குச் சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1277 மார்ச்சு 7-இல், பாரிசு ஆயர் ஸ்தேபான் தம்பியே 219 கருத்துக்களைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். அடிகளின் பெயர் அதன்கண் இல்லை. ஆயினும் அவர்தம் கொள்கைகள் சில அதனுள் அகப்பட்டன. ஆகவே, கற்றோர் அவையில் அவர் நிலை ஐயத்திற்கு இடமாயிருந்த காலத்தில், அவர்பால் பரிந்துரை வேண்டியோர் யாவர் என்னும் வினா எழுகின்றது.

விடை பொசனோவாக் கல்லறையில் உள்ளது. புனிதர் பட்டத்திற்குரிய விசாரணை 1319-இல் நேப்பிள்ஸிலும், 1321-இல் பொசனோவாவிலும் நடைபெற்றது. முன்னதில் அடிகளின் ஒழுக்கம், கல்வி, வேண்டுதல் ஆகியன குறித்துப் பலர் கூறினர். பின்னது பெரும்பாலும் நோய்நீங்கிய செய்திகளால் நிறைந்தது. சுற்றுப்புறத்து ஊரார் நோயுற்ற உறுப்போடு கல்லறையை நாடினர், வேண்டினர், நலம்பெற்றதாக ஆணையிட்டுக் கூறினர். இவருள் 'இறையியற்றொகை'யின் ஒரு வரியேனும் கேட்டறிந்தவர் மிகச் சிலரே யாவர் என்பது எம் துணிபு.

இவ்விசாரணையை வெறும் பத்திப்பெருக்கு என ஒதுக்குதல் பொருந்தாது. நேப்பிள்ஸில் பொசனோவா மடத்துத் துறவி ஒருவர் கூறிய சான்றினை நோக்குக. மயென்சாவில் நோயுற்றிருந்த அடிகள், தாம் பிரான்சு நாட்டில் உண்ட ஹெர்ரிங் என்னும் மீனை விரும்பினார். அம்மீன் அப்பக்கத்துக் கடலில் கிடைப்பதன்று. மத்தி விற்க வந்தவனுடைய கூடையைத் திறந்தபோது ஹெர்ரிங் மீனே இருந்தது என்பது சான்று. விசாரித்தோர் இதனைக் கேட்டு வியந்து நின்றாரல்லர். அது ஹெர்ரிங் மீன்தான் என்பதை நீர் எவ்வாறு அறிந்தீர் என வினவினர். வித்தெர்போவிலிருந்த பாப்பரசர் அவையில் உப்பிட்ட ஹெர்ரிங் மீனைத் தாம் கண்டதுண்டு என்றும், பிரான்சில் அதனைப் புதிதாக உண்டறிந்த ரெஜினால்டும் அவ்வாறே கூறினார் என்றும் துறவி விடையிறுத்தார். அற்புதத்தை நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. சான்றினைச் சோதிக்கும் இம்முறை, பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கும் நம்மனோர்க்கு அயலானதன்று.

இனி, அடிகளே பிற புனிதர்தம் துணையை வேண்டியவர் என்பதும் கருதத்தக்கது. அவர் வரலாற்றை எழுதிய தொக்கோ வில்லியம் இரு செய்திகளைத் தருகின்றார். இசையாஸ் இறைவாக்கினர் நூலுக்கு உரைகாணும்போது பொருள் விளங்காத இடமொன்றில் தடைப்பட்ட அடிகள், பல நாள் நோன்பிருந்து வேண்டினார். ஓரிரவு அவரது அறையில் பேச்சொலி கேட்டது. பின்னர் ரெஜினால்டை எழுப்பி அவ்வுரையைத் தடையின்றி எழுதச் சொன்னார். இராயப்பரும் சின்னப்பரும் வந்து விளக்கினர் என்பதை, ரெஜினால்டு பன்முறை கெஞ்சிய பின்னரே வெளியிட்டார். மற்றொன்று எளிய செய்தி. காய்ச்சலுற்ற ரெஜினால்டின்மீது, தாம் மார்பில் அணிந்திருந்த புனித ஆக்னஸின் திருப்பண்டத்தை வைத்து அடிகள் வேண்டினார், நோய் தணிந்தது. அந்நன்றிக்கு அறிகுறியாக ஆக்னஸ் திருநாள்தோறும் மாணாக்கர்க்கு நல்ல உணவளிக்க விழைந்தாராம், சாவு முந்திக்கொண்டது. உரையாசிரியர் ஒருவர் பொருள் விளங்காது இடர்ப்படுவதையும், அதனை ஒளியாது வேண்டுதலால் கடக்க முயல்வதையும் காட்டும் முதற்செய்தியை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

பரிந்துரை குறித்த அவர்தம் கொள்கை 'இறையியற்றொகை' இரண்டாம் பகுதியின் இரண்டாம் பாகத்து 83-ஆம் வினாவில் உள்ளது. வேண்டுதல் இறைவனுடைய திட்டத்தை மாற்றுவதற்கன்று. வேண்டுதலின் வழியாகக் கிடைக்குமாறு அவன் வகுத்ததைப் பெறுதற்கே என்பர். அருள்தருபவன் இறைவன் ஒருவனே; புனிதர் நம்மோடு சேர்ந்து வேண்டுவோர். இதனோடு அந்நூலின் முதல் வினாவை இணைத்துக் காண்க. மனித அறிவினை அடிப்படையாகக் கொண்ட மேற்கோட்சான்று சான்றுகளுள் மிக வலுக்குன்றியது என்பது அங்குள்ள கருத்து. எனவே, புனிதர் ஒருவரிடம் பரிந்துரை வேண்டுதல் வேறு. அவர் கூறியது என்பதனாலேயே ஒரு கருத்தை மெய்யெனக் கொள்ளுதல் வேறு.

பிற்காலத்தார் இவ்விரண்டையும் எப்போதும் பிரித்து வைத்தாரில்லை. 22-ஆம் அருளப்பர் 1323 சூலை 18-இல் அவிஞோனில் அடிகளைப் புனிதராக்கினார். இரண்டாண்டு கழித்து, 1277 ஆணை அடிகளின் கருத்துக்களைத் தொடும் அளவில் செல்லாதெனப் பாரிசு ஆயர் அறிவித்தார். கல்லறையில் வேண்டியோர் முன்னே செல்ல, கற்றோர் பின்னே வந்தனர் என இதனைக் கொள்ளலாம். 5-ஆம் பத்திநாதர் 1567-இல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக்கினார். 13-ஆம் சிங்கராயர் 1879-இல் அவரது மெய்யியலை வலியுறுத்திச் சுற்றுமடல் விடுத்து, அடுத்த ஆண்டே கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கட்கும் பள்ளிகட்கும் அவரைக் காவலராக்கினார். 1917-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, குருத்துவக் கல்லூரி ஆசிரியர் அவரது முறையையும் கோட்பாட்டையும் கைக்கொள்ள வேண்டுமென விதித்தது. காவலர் இவ்வாறு கட்டளையாளராகவும் ஆயினார். மேற்கோட்சான்றின் வலுக்குறைவை எடுத்துரைத்தவருக்கு இஃது உவப்பாயிருந்திருக்குமோ என ஐயுறுகின்றோம். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, சிறப்பாக அவரை ஆசானாகக் கொண்டு மறைபொருள்களை ஆழ்ந்து கற்க என்ற அளவில் நிறுத்திக்கொண்டது.

அடிகளின் திருவுடல் சாமிநாதர் சபையார்க்கு உரியதாகி, 1369 சனவரி 28-இல் பிரான்சிலுள்ள தூலூஸ் நகரை அடைந்தது. 1969-இல் திருநாட்பட்டி திருத்தப்பட்டபோது, தவக்காலத்தில் வீழ்ந்த மார்ச்சு 7 விடப்பட்டு, அந்நாளே அவர் திருநாளாயிற்று. கற்கத் தொடங்குமுன் மாணாக்கர் சொல்லுதற்கென அவர் பெயரால் வழங்கும் வேண்டுதல் ஒன்று உண்டு. கூர்ந்துணர்தல், நினைவில் நிறுத்தல், முறையாகக் கற்றல், நுட்பமாக உரைகாணல், இனிது எடுத்துரைத்தல் ஆகியவற்றை அது கேட்கின்றது. அவ்வேண்டுதலில் புனிதர் எவர் பெயரும் இல்லை. அது படைத்தவனையே நேரே விளித்துத் தொடங்குகின்றது.